ஒரு ஜோடி சக்கரம்



பனிமலை உள்ள ஊர்களில் ஸ்கீ பலகை கட்டிக்கொண்டு சறுக்குவார்கள். அதில் ஒரு வகைக்கு முன்முனை மாதிரியே பின்முனையும் மேல்நோக்கி வளைந்திருக்கும். முன்னாலும் போகலாம், பின்பக்கமாகவும் வரலாம். எல்லாச் சரிவுக்கும் ஒரே ஜோடி போதும் என்பவர்களில் சிலர் அதைத் தேடுவார்கள். நம்ம நாமக்கல்லில் பனிக்கு எங்கே போவது? ஐஸ் பெட்டிக்குள் பார்த்தால்தான் உண்டு! ஆனால் அதே கேள்வி எங்க வீட்டுக்கும் வந்தது, ரோலர் ஸ்கேட்டிங் ரூபத்தில்.

2025-ல் சீனாவில் நடந்த உலக ஸ்பீடு ஸ்கேட்டிங் போட்டியில் சென்னையைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார் 1000 மீட்டரிலும் 42 கி.மீ. மாரத்தானிலும் தங்கம் வாங்கினார். அதைக் கேட்டதிலிருந்து எனக்கும் தம்பிக்கும் கால் தரையில் நிற்கவில்லை. அம்மா சீட்டுப் பணத்தில் வாங்கித் தர ஒத்துக்கிட்டாங்க. ஆனால் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஜோடிதான்!

"ரேஸ்காரங்க போடற பெரிய சக்கரந்தான் வேணும்" என்று தம்பி அடம் பிடித்தான். அப்பா லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்கிறார். அவர் சிரித்துக்கொண்டே, "கண்ணு, கோழி ஏத்தற வண்டிக்கு ஒரு மாதிரி பாடி, ஜல்லி அடிக்கற வண்டிக்கு ஒரு மாதிரி. வண்டி எங்க ஓடும், என்ன ஏத்தும்னு கேட்காம யாராச்சும் கட்டுவாங்களா?" என்றார். அதற்குப் பிறகுதான் நாங்கள் ஒழுங்காக விசாரிக்க ஆரம்பித்தோம்.

குவாட் என்பதில் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு சக்கரம். புதுசாகப் பழகுபவர்கள் சுலபமாக நிற்கலாம். இன்லைனில் நாலும் ஒரே வரிசை. உலக அளவு வேகப் போட்டிகள் இதில்தான். குவாட் சக்கரம் சின்னது, பொடிக்கல்லில் சட்டென்று தட்டும். இன்லைன் சக்கரம் உயரமானது, ஏறிப் போய்விடும். இரண்டிலுமே பின்பக்கமாக ஓட்டப் பழகலாம்.

ரேஸ் சக்கரம் 110 மி.மீ. கூட இருக்கும். வேகம் அதிகம், ஆனால் கால் உயரத்தில் நிற்கும், பழகாதவர்களுக்கு ஆட்டம் காணும். சாதாரணப் பழக்கத்துக்கு 72 முதல் 80 மி.மீ. போதும். சக்கரத்தில் 82A என்பது போல ஒரு எண் இருக்கும். எண் கூடினால் சக்கரம் கடினம், குறைந்தால் மிருது. எங்கள் தெருவின் சொரசொர தார் ரோட்டில் ரொம்பக் கடினமான சக்கரம் உடம்பையே உதற வைக்கும்.

பேரிங்கைப் பார்த்ததும் அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "608 பேரிங்! 8 மி.மீ. ஓட்டை, 22 மி.மீ. வெளிவட்டம். போனா மாத்திக்கலாம்" என்றார். சக்கரத்தின் உள்பக்கம்தான் முதலில் தேயுமாம். லாரி டயர் மாதிரி இடம் மாற்றி, திருப்பிப் போட்டால் இன்னும் கொஞ்ச காலம் ஓடும்.

"வளர்ற புள்ளைங்க, பெருசா வாங்குங்க" என்றார் அம்மிச்சி. பெரிய ஷூவில் கணுக்கால் ஆடும், சுளுக்கிக்கொள்ளும். அதனால் நீட்டிக் குறைக்கும் இன்லைன் ஷூ எடுத்தோம். குதிகாலில் பிரேக் உண்டு. தம்பி போட்டால் உள்ளே தள்ளுவோம், நான் போட்டால் வெளியே இழுப்போம். ரேஸ் ஷூ வாங்காததால் மிஞ்சிய பணத்தில் ஹெல்மெட்டும், முட்டி, முழங்கை, மணிக்கட்டு காப்பும் வந்தன. அம்மா ஒத்துக்கொண்டதே அதைப் பார்த்துத்தான்.

தம்பி இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். இப்போது அவன் முறை முடிந்தாலும் கழற்றித் தர மாட்டேங்கிறான்!

நண்பர்களே, கடைக்குப் போகும் முன் உங்கள் தெருவை ஒருமுறை நடந்து பாருங்கள். சாம்பியன் என்ன போடுகிறார் என்பதை அப்புறம் கேட்கலாம்.

— ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி