கம்பியில்லா வலையும் கலங்கிய நெஞ்சமும்

திருப்பூர் பனியன் கம்பெனியில் உழைக்கும் என் அண்ணன், தீபாவளி போனசை அப்படியே கொடுத்து வாங்கித் தந்த மடிக்கணினி அது. மூன்றாம் நாளே அதிலிருந்த விண்டோசை அழித்துவிட்டு, நண்பன் தந்த பழைய பென் டிரைவிலிருந்து உபுண்டு லினக்சை ஏற்றினேன். ஆசை யாரை விட்டது! 1991இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்தபோது லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய வேலையல்லவா லினக்ஸ்? நாமும் மாணவர்தாமே என்ற மிதப்பு வேறு.

திரை ஒளிர்ந்தது, பாட்டு ஒலித்தது. வைஃபையை மட்டும் காணோம்!

"ஏண்டா, புதுசக் கெடுத்துப்புட்டியா?" என்றார் அம்மா. அன்றிரவு அண்ணன் அழைத்தபோது நான் எடுக்கவில்லை.

நள்ளிரவில் கருந்திரையில் 'டிமெசேஜ்' கட்டளையை அடித்தேன். கணினி விழித்தெழும்போது தனக்குள் முணுமுணுப்பதையெல்லாம் அது வரிவரியாகக் கொட்டும். கண் எரிய எரியப் படித்தேன். நூற்றுக்கணக்கான வரிகளுக்கிடையே ஒரு வரி: வைஃபை சில்லுக்குரிய ஃபர்ம்வேர் கோப்பு கிடைக்கவில்லை. அப்பாடா, சில்லு பழுதில்லை! சில்லோ புதியது, நான் ஏற்றிய பதிப்போ அது பிறக்குமுன் வந்தது.

கோப்பை இறக்க இணையம் வேண்டும். இணையத்துக்கோ அந்தக் கோப்பு வேண்டும். நல்ல கூத்து, நண்பர்களே! கடைசியில் கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து, அதன் டேட்டாவிலேயே கெர்னலையும் ஃபர்ம்வேரையும் புதுப்பித்தேன். அணைத்து எழுப்பியதும் பக்கத்து வீட்டு வைஃபையின் பெயர் திரையில் தோன்றியது. கத்திவிட்டேன், அம்மா எழுந்துவிட்டார்.

காலையில் அண்ணனை வீடியோவில் அழைத்தேன். கைரேகைப் பூட்டு மட்டும் இன்னும் வேலை செய்யவில்லை. அதை அவனிடம் சொல்லவில்லை.