துக்கத்துக்கு ஒரு முகவரி

மைசூருக்கு வரும் பயணிகளின் பட்டியல் பெரிதாக மாறுவதில்லை. அரண்மனை, சாமுண்டி மலை, மிருகக்காட்சி சாலை, பிருந்தாவன் தோட்டம். நேரம் மிஞ்சினால் தேவராஜ மார்க்கெட்டில் மல்லிகையும் ஊதுபத்தியும். அந்தப் பட்டியலில் சில ஆண்டுகளாக இன்னொரு பெயரும் சேர்ந்திருக்கிறது. நகரின் தென்மேற்கே, எச்.டி. கோட்டே வழியாகக் கேரளத்தின் மானந்தவாடிக்குப் போகும் சாலையில், உத்பூர் பக்கத்தில் ஹாலாளு என்று ஒரு கிராமம். அங்கே 5 ஏக்கர் நிலத்தில், சுமார் 11 கோடி ரூபாய் செலவில் கர்நாடக அரசு கட்டிய டாக்டர் விஷ்ணுவர்தன் நினைவகம் நிற்கிறது. 2023 ஜனவரி 29ஆம் தேதி அப்போதைய முதல்வர் பசவராஜ் பொம்மை அதைத் திறந்துவைத்தார். உள்ளே சிலை இருக்கிறது, நூற்றுக்கணக்கான புகைப்படங்கள் இருக்கின்றன, அரங்கமும் இருக்கிறது. இல்லாதது சமாதி மட்டும்.

அந்த ஒரு குறைக்காகத்தான் ரசிகர்கள் பல ஆண்டுகள் இந்த நினைவகத்தோடு பிணங்கி நின்றார்கள்.

விஷ்ணுவர்தன் தமிழர்களுக்கு அந்நியர் அல்ல. ஸ்ரீதரின் 'அலைகள்', நடிகை லட்சுமி இயக்கிய 'மழலைப் பட்டாளம்', சிவாஜியும் ரஜினியும் நடித்த 'விடுதலை' ஆகியவற்றில் பார்த்த முகம். 'உயர்ந்த மனிதன்' பாரதியின் கணவர். ரஜினியின் 'சந்திரமுகி'க்கு முன்னோடியான கன்னட 'ஆப்தமித்ரா'வின் நாயகன். ஆனால் கர்நாடகத்தில் அவர் வெறும் நடிகர் அல்ல, 'சாகச சிம்மம்'. 1950 செப்டம்பர் 18ஆம் தேதி மைசூரில் சம்பத்குமாராகப் பிறந்தவர், 1972இல் புட்டண்ணா கனகாலின் 'நாகரஹாவு' படத்தில் சித்ரதுர்கா கோட்டையின் முரட்டு மாணவனாக வந்து ஒரே படத்தில் நட்சத்திரமானார்.

அவர் பாடகரும்கூட. திரையில் அவருக்காக எண்ணற்ற பாடல்களைப் பாடிய குரல் எஸ்.பி. பாலசுப்ரமணியத்தினுடையது என்றாலும், 1977இல் வந்த 'நாகரஹொளே'யில் விஷ்ணுவர்தன் சொந்தக் குரலில் பாடினார். பிறகு ஐயப்பன் பக்திப் பாடல்களும் பாடி கேசட்டுகளாக வெளியிட்டார். ஹாலாளு வழியாகப் போகும் இதே சாலையை விடாமல் பிடித்துக்கொண்டு போனால் கபினியும் நாகரஹொளே காடும்தான் வருகின்றன.

2009 டிசம்பர் கடைசி வாரம் கன்னடர்களுக்கு இரட்டை இடி. 29ஆம் தேதி, தன் 70வது பிறந்த நாளிலேயே, பாடகர் சி. அஸ்வத் பெங்களூரில் மறைந்தார். சிசுநாள ஷரீபின் பாடல்களைச் சாமானியரின் வாய்க்குக் கொண்டுவந்த குரல் அது. மறுநாள் விடிகாலையில் மைசூரில் ஓட்டல் அறை ஒன்றில் விஷ்ணுவர்தனுக்கு மாரடைப்பு. வயது 59. பிறந்த ஊரிலேயே உயிர் பிரிந்தது. ஆனால் உடல் அங்கே தங்கவில்லை. பெங்களூருக்குக் கொண்டுவரப்பட்டு, நேஷனல் கல்லூரி மைதானத்தில் அஞ்சலிக்கு வைக்கப்பட்டு, கெங்கேரிப் பக்கம் உள்ள அபிமான் ஸ்டுடியோவில் அரசு மரியாதையுடன் தகனம் செய்யப்பட்டது.

அரசுக்கு அப்போது அவசரம். 2006 ஏப்ரலில் ராஜ்குமார் மறைந்தபோது பெங்களூரில் வெடித்த வன்முறையில் உயிர்கள் பலியானதை யாரும் மறந்திருக்கவில்லை. அந்த அவசரத்தில் கேட்கப்படாமல் போன கேள்வி, நிலம் யாருடையது என்பது. அபிமான் ஸ்டுடியோ, பழம்பெரும் நடிகர் பாலகிருஷ்ணாவுக்குப் படப்பிடிப்புத் தளம் அமைக்க அரசு கொடுத்த நிலத்தில் உருவானது. அவர் காலமான பிறகு அது குடும்பத்தின் வழக்கு விவகாரமாகிவிட்டது. ராஜ்குமாருக்குக் கண்டீரவா ஸ்டுடியோவில் நினைவிடம் எழுந்தது. அம்பரீஷும் புனீத் ராஜ்குமாரும் அதே வளாகத்தில் இடம் பெற்றார்கள். விஷ்ணுவர்தன் ரசிகர்கள் கேட்டதோ பத்து குண்டா, அதாவது கால் ஏக்கர். அது கிடைக்கவில்லை.

ஆண்டுகள் ஓடின. மைசூரிலேயே நினைவகம் அமையட்டும் என்று குடும்பத்தினர் சம்மதித்தார்கள். ரசிகர்களில் ஒரு பகுதியினர் சம்மதிக்கவில்லை. தகனம் நடந்த மண்ணை விட்டுவிட்டு வேறு ஊரில் சிலை எதற்கு என்பது அவர்கள் கேள்வி. ஹாலாளுவிலும் நிலம் குறித்து ஆட்சேபங்கள் எழுந்தன. 2020 செப்டம்பரில்தான் அடிக்கல் நாட்ட முடிந்தது. திறப்பு விழா நடந்தபோது அவர் மறைந்து 13 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதன் பிறகும் செப்டம்பர் 18, டிசம்பர் 30 என்றால் ரசிகர்களின் கால்கள் அபிமான் ஸ்டுடியோவை நோக்கியே நடந்தன. மைசூரில் இருந்தது அரசின் கட்டடம். பெங்களூரில் இருந்தது தங்கள் தலைவனின் மண்.

2025 ஆகஸ்ட் 8ஆம் தேதி அந்த மண்ணும் போயிற்று. நில வழக்கின் தொடர்ச்சியாக, போலீஸ் காவலுடன், சமாதி இடித்துத் தள்ளப்பட்டது. மாநிலமெங்கும் ரசிகர்கள் கொதித்தார்கள்.

அதற்கு ஒன்பது நாள் முன்பு, ஜூலை 30ஆம் தேதி, இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் வேறொரு ரசிகர் கூட்டம் தெருவில் நின்று அழுதுகொண்டிருந்தது. 'ஹெவி மெட்டல்' என்னும் இடிமுழக்க இசையின் பிதாமகர்களில் ஒருவரான பாடகர் ஓஸி ஆஸ்போர்னின் இறுதி ஊர்வலம். ஜூலை 5ஆம் தேதி சொந்த ஊரில் சிம்மாசனத்தில் அமர்ந்தபடி கடைசியாகப் பாடிவிட்டு, 22ஆம் தேதி 76 வயதில் மறைந்தவர். ஊர்வலம் வந்து நின்ற இடம் கல்லறை அல்ல. பிராட் ஸ்ட்ரீட்டில் கால்வாய்க்கு மேலுள்ள ஒரு பாலம். அவருடைய குழுவான பிளாக் சபாத்தின் பெயரை 2019இல் நகரம் அந்தப் பாலத்துக்குச் சூட்டி, நால்வரின் உருவங்களுடன் ஒரு பெஞ்சும் போட்டிருந்தது. பூக்கள் அங்கேதான் குவிந்தன. அடக்கம் குடும்பத்தாரின் தனிப்பட்ட நிகழ்ச்சியாக நடந்தது. உடல் குடும்பத்துக்கு, பாலம் ரசிகர்களுக்கு என்ற பங்கீட்டில் யாருக்கும் மனக்குறை இருந்ததாகத் தெரியவில்லை.

வித்தியாசம் ஒன்றுதான். பர்மிங்காமின் பாலம் பாடகர் உயிரோடு இருந்தபோதே ரசிகர்களுடையதாகிவிட்டது. மைசூர் நினைவகமோ, கேட்டது கிடைக்காதபோது கொடுக்கப்பட்ட மாற்று. மாற்றாக வந்ததை மனசார ஏற்பது துக்கத்தில் இருப்பவர்களுக்கு எளிதல்ல. அழுவதற்குக் கூரை போதாது, காரணமும் வேண்டும்.

ஆனால் இடிபாட்டுக்குப் பிறகு கணக்கு மாறிவிட்டது. 2025 செப்டம்பர் 11ஆம் தேதி, அவரது 75வது பிறந்த நாளுக்கு ஒரு வாரம் முன்னதாக, கர்நாடக ரத்னா விருதை அவருக்கும் பி. சரோஜாதேவிக்கும் மறைவுக்குப் பின் வழங்குவதென மாநில அரசு முடிவு செய்தது. அவரது தீவிர ரசிகரான நடிகர் சுதீப், கெங்கேரிப் பக்கம் சொந்தமாக நிலம் வாங்கி நினைவிடம் அமைக்க முன்வந்தார். விருதுக்கு அலமாரி போதும்; புதிய நினைவிடம் எழ நாளாகும். அதுவரை ஒரு மாலையோடு கிளம்பும் ரசிகனுக்கு, யாரும் வந்து காலி செய்யச் சொல்லாத நிலம் ஹாலாளுவில்தான் இருக்கிறது.

மைசூருக்கும் இதில் ஒரு நியாயம் உண்டு. அவர் கண் திறந்ததும் கண் மூடியதும் இந்த ஊரில்தான். இடையில் ஒரு நாள், தகனத்துக்காக மட்டும், ஊர் அவரைப் பெங்களூருக்கு விட்டுக்கொடுத்தது.