பாதியில் மூடிய நூல்கள்

தொடங்கிய நூலை முடிக்காமல் வைத்துவிடுவோரைச் சோம்பலர் என்று சொல்லிவிடுவது உலக வழக்கம். நூல் நீளம், நடை கடினம் என்று அவர்கள் கூறும் காரணங்கள் சாக்குப்போக்காகத் தள்ளப்படுகின்றன. முப்பது ஆண்டுகளாக மாணவர்க்கு அரபும் தமிழும் கற்பித்து வரும் நமக்கு இத்தீர்ப்பு நீதியானதாகத் தோன்றவில்லை. நூல் பாதியில் மூடப்படுவதற்கு நீளமும் கடினமும் முழுக் காரணமல்ல. வாசகர் துணையின்றித் தனியே விடப்படுவதே பெருங்காரணம் என்பது நம் துணிபு.

சீறாப்புராணத்தையே எடுத்துக்கொள்வோம். உமறுப் புலவர் பாடிய அக்காப்பியம் மூன்று காண்டங்களும் 92 படலங்களும் 5,027 பாடல்களும் உடையது. நம் இல்லங்கள் பலவற்றில் அது அலமாரியில் வீற்றிருக்கிறது. எடுத்துப் பார்த்தால் முதற் சில தாள்களில் மட்டுமே விரல் பட்ட அடையாளம் இருக்கும். அதற்கப்பால் புதுக்கருக்கு மாறாதிருக்கும். எங்கே நின்றுவிட்டார்கள்? பெரும்பாலும் நாட்டுப் படலத்தில். நாயகத்தின் வரலாற்றை அறியும் ஆவலோடு வந்தவர் முன்னே மழை பொழிகிறது, ஆறு பெருகுகிறது, வயல் விளைகிறது. அரபு நாட்டைத் தமிழ் நிலமாகவே கண்ட புலவரின் உள்ளம் அங்கே இருக்கிறது. காப்பிய மரபு அறிந்தவர்க்கு அது விருந்து, அறியாதவர்க்கோ நெடுஞ்சுவர்.

ஆகவே, ஓராண்டு நம் வகுப்பில் நாட்டுப் படலத்தை ஒத்திவைத்து, மானுக்குப் பிணை நின்ற படலத்திலிருந்து பாடத்தைத் தொடங்கினோம். வேடனிடம் அகப்பட்ட பெண்மான், கன்றுக்குப் பாலூட்டி வர விடை வேண்டுகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதற்குப் பிணை நிற்கிறார்கள். மான் கன்றை நாடி ஓடிய இடத்தில் வகுப்பு நேரம் முடிந்தது, நூலை மூடினோம். "ஹஜ்ரத், மான் திரும்பி வந்ததா?" என்று கேட்ட மாணவர் மறுநாள்வரை பொறுக்கவில்லை. அன்றிரவே அகராதியைத் துணைக்கொண்டு மீதியைத் தாமே படித்து வந்தார். சொற்கள் அதே கடினச் சொற்கள்தாம்; மாறியது நுழைந்த வாயில் ஒன்றே. பின்னர் நாட்டுப் படலத்திற்குத் திரும்பியபோது அவ்வகுப்பினர் ஒருவரும் சலிப்புற்றதில்லை.

நம் பாட்டியார் பள்ளிக்கூட வாசலை மிதித்தவரல்லர். ஆயினும் 'நூறு மசலா'வை அவர் முடித்த தடவைகளுக்குக் கணக்கில்லை. இளவரசி வினாத் தொடுக்க, அவளை மணக்க வந்தவர் விடை பகர்வதாக அமைந்த நூல் அது. ஒரு விடை முடிந்ததும் அடுத்த வினா கையைப் பிடித்து அழைத்துச் செல்லும். அன்றியும், அவர் அதைத் தனித்துப் படித்ததில்லை, அண்டை வீட்டுப் பெண்கள் கூடியிருக்க, ஒருவர் இராகமிட்டுப் படிப்பார், மற்றவர் செவிமடுப்பர். அந்நூல் நடுவில் நிற்க வழியேது?

கதைக்கு இது சரி, கடினமான அறிவு நூலுக்கு என் செய்வது என்று கேட்கலாம். பேரறிஞர் இப்னு ஸீனா (980–1037) தம் வரலாற்றில் கூறும் செய்தியே இதற்கு விடை. அரிஸ்டாட்டில் மெய்ப்பொருள் பற்றி எழுதிய நூலை அவர் நாற்பது முறை படித்தார், மனனமே ஆகிவிட்டது, பொருள் மட்டும் விளங்கவில்லை. இது விளங்கும் நூலன்று என்று கைவிட்டார். ஒருநாள் புத்தகக் கடைத்தெருவில் தரகர் ஒருவர் வற்புறுத்த, மூன்று திர்ஹத்துக்கு ஒரு நூலை வாங்கினார். அது அந்நூலின் நோக்கத்தை விளக்கி ஃபாராபீ எழுதியது. வீடு திரும்பிப் படித்ததும் மூலநூல் விளங்கிவிட்டது. மறுநாள் ஏழைகளுக்குத் தர்மம் செய்து இறைவனுக்கு நன்றி செலுத்தினார். அத்தகைய மேதைக்கே ஒரு துணைநூல் வேண்டியிருந்தது! சீறாவுக்கு உரை கண்ட செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950) நமக்குச் செய்த உதவியும் அதுவே.

காயல்பட்டினத்தில் ஆண்டுதோறும் ரஜப் மாதத்தில் ஸஹீஹுல் புகாரி 30 நாள்களில் ஓதி நிறைவு செய்யப்படுகிறது. 7,000-க்கும் மேற்பட்ட ஹதீஸ்கள் கொண்ட அப்பெருநூல், ஊர் கூடி நாள் குறித்து அமர்வதால் நிறைவுறுகிறது.

எடுத்த நூலையெல்லாம் முடித்தே தீரவேண்டும் என்பதன்று நம் கருத்து. அகராதியை முதலிலிருந்து கடைசிவரை படிப்பாரில்லை. பயனற்ற நூலை நடுவில் மூடுவது காலத்தைக் காப்பதாகும். ஆனால், நல்ல நூல் துணையின்மையால் மூடப்படுவது இழப்பு.

அரபுத்தமிழ் நூல்களின் நிலை இதற்குச் சான்று. மொழி நம் தமிழே. எழுத்து மட்டும் அரபு. பாட்டிமார் சரளமாகப் படித்த அவற்றைப் பேரப்பிள்ளைகளுள் பலரால் எழுத்துக்கூட்டவும் இயலவில்லை. யாரும் அவற்றை வெறுத்து ஒதுக்கவில்லை. வாயிலைத் திறந்துவிடுவார் இல்லாது போயினர். ஒரு தலைமுறை திறந்து காட்டாத நூலை அடுத்த தலைமுறை எடைக்குப் போட்டுவிடும்.

ஆகவே அன்பர்களே, பிள்ளைகளிடம் நூலைக் கொடுத்து "படி" என்று கூறுவதோடு நில்லாதீர்கள், உடன் அமருங்கள். வாரம் ஓர் இரவு, இஷாவுக்குப் பின், வீட்டில் ஒருவர் உரக்கப் படிக்க, ஏனையோர் கேட்கட்டும். வாரத்துக்கு ஒரு படலம் என்றால், இரண்டு ஆண்டுகள் நிறைவதற்குள் சீறாவின் 92 படலங்களும் முடிந்துவிடும்.