இரண்டு வெற்றி, எட்டுத் தோல்வி

மார்ஷல் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணி 1971ஆம் ஆண்டுப் பருவத்தில் பத்து ஆட்டங்கள் ஆடியது. இரண்டில் வென்றது, எட்டில் தோற்றது. பதிவேட்டில் இப்படியொரு வரியைக் காணும் எவரும் அடுத்த வரிக்கு நகர்ந்துவிடுவர். ஆயினும் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் இன்றளவும் நினைவுகூரப்படும் பருவங்களுள் இதுவும் ஒன்று. காரணம் அறிய ஓராண்டு பின்னே செல்ல வேண்டும்.

1970 நவம்பர் 14, சனிக்கிழமை. வட கரோலினாவில் ஈஸ்ட் கரோலினா அணியிடம் 17-14 என்று தோற்ற மார்ஷல் அணியினர், மேற்கு வர்ஜீனியாவின் ஹன்டிங்டன் நகருக்குத் திரும்பிக்கொண்டிருந்தனர். அவ்வணி விமானத்தில் செல்வது அரிது. அன்று சென்றது. மழையும் மூடுபனியுமாக இருந்த அந்த இரவில், ஓடுதளத்துக்கு ஏறத்தாழ ஒரு மைல் முன்பாகவே விமானம் தாழ்ந்து, குன்றின்மேல் மரங்களில் மோதி எரிந்தது. உள்ளிருந்த 75 பேரும் மாண்டனர். அவர்களுள் 37 பேர் ஆட்டக்காரர்கள். தலைமைப் பயிற்றுநரும் அவருடைய உதவியாளர்களும், அணியின்மேல் கொண்ட பற்றினால் உடன் சென்றிருந்த ஊர்ப் பெரியவர்களும் மருத்துவர்களும் மற்றவர்கள். பெற்றோரில் ஒருவரையேனும் அன்றிரவு இழந்த பிள்ளைகள் 70 பேர். இருவரையும் இழந்தவர்கள் 18 பேர் என்பர். அடையாளம் காண முடியாத ஆறு ஆட்டக்காரர்களின் உடல்கள் ஸ்பிரிங் ஹில் இடுகாட்டில் அருகருகே புதைக்கப்பட்டன.

முப்பத்தேழு என்பது, கற்பிக்கும் தொழிலில் உள்ள நமக்கு, ஒரு வகுப்பறை. வருகைப்பதிவேட்டின் ஒரு முழுப் பக்கம்.

நம் புறப்பாடல்களில் கையறுநிலை என்றொரு துறை உண்டு. தலைவன் மாண்டபின் எஞ்சியோர் செயலற்று நின்று பாடுவது அது. இறந்தவனின் பெருமையையும் அவனற்ற ஊரின் வெறுமையையும் அத்துறை நுட்பமாகச் சொல்லும். ஆனால் மறுநாள் பொழுது விடிந்ததும் எஞ்சியோர் என்ன செய்வர் என்ற கேள்விக்கு முன்பே பாடல் முடிந்துவிடும். ஹன்டிங்டன் மக்கள் அந்த மறுநாளில்தான் நின்றார்கள். கால்பந்தையே கைவிட்டுவிடலாம் என்ற எண்ணம் எழாமல் இல்லை. மாணவர்களோ ஆட்டம் தொடரவேண்டும் என்றனர். இறுதியில் தொடர்வதென்றே முடிவாயிற்று. ஓஹையோவில் வூஸ்டர் கல்லூரியில் இருந்த ஜாக் லெங்கியெல் 1971 மார்ச்சில் தலைமைப் பயிற்றுநராக வந்து சேர்ந்தார்.

அவருக்குக் கிடைத்த அணி எப்படிப்பட்டது? இங்கே ஒரு விதியைச் சொல்லியாக வேண்டும். முதலாமாண்டு மாணவர்கள் கல்லூரியின் முதன்மை அணியில் ஆடக்கூடாது என்பது அன்றைய நடைமுறை. ஆகவே 1970இல் முதலாண்டு படித்தவர்கள் அப்பயணத்தில் இல்லை, பிழைத்தார்கள். ஆட்டத் தகுதியை வரையறுக்க எழுதப்பட்ட ஒரு விதி யார் வாழ்வது என்பதையும் வரையறுத்துவிட்டது. மறு ஆண்டு அவர்களை மட்டும் வைத்து அணியை நிரப்ப இயலாது என்பதால், தேசியக் கல்லூரி விளையாட்டு அமைப்பு அதே விதியை மார்ஷலுக்காகத் தளர்த்தியது. பள்ளியை அப்போதுதான் முடித்து வந்தவர்களும், வேறு விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தவர்களும், காயம் போன்ற காரணங்களால் அன்று விமானம் ஏறாத மூத்தவர்கள் சிலரும் சேர்ந்ததே அந்த அணி.

அமெரிக்கக் கால்பந்து, நாம் ஆடும் கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, நான்கு முயற்சிகளுக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எடையும் முதிர்ச்சியும் பெரிதும் வேண்டப்படும் ஆட்டம். இரண்டும் இல்லாத தம் பையன்களுக்குப் பொருந்தும் ஓர் ஆட்டமுறையைத் தேடிய லெங்கியெல், அதே மாநிலத்தின் பெரிய அணியான மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தை நாடினார். அதன் பயிற்றுநர் பாபி பௌடன் தம் பாடங்களைத் தயங்காமல் திறந்து காட்டினார்.

முதல் ஆட்டத்தில் மோர்ஹெட் ஸ்டேட் அணியிடம் 29-6 என்று தோல்வி. அடுத்தது சேவியருக்கு எதிராக, 1971 செப்டம்பர் 25, சொந்த ஊரில். கடைசி நொடிகளில் மார்ஷல் 13-9 என்று பின்தங்கியிருந்தது. ரெஜி ஆலிவர் எறிந்த சிறு வீச்சை டெரி கார்ட்னர் வாங்கி, 13 கெஜம் ஓடி எல்லைக்கோட்டைக் கடந்தபோது கடிகாரத்தில் நேரம் எஞ்சியிருக்கவில்லை. 15-13. எறிந்த ஆலிவர், முந்தைய ஆண்டின் விதி காப்பாற்றிய முதலாண்டு மாணவர்களுள் ஒருவர்.

2006இல் வெளிவந்த ‘வீ ஆர் மார்ஷல்’ திரைப்படம் தன் கதையை இந்த வெற்றியோடு நிறைவு செய்கிறது. திரைக்கதைக்கு அது நியாயமான முடிவு. ஆனால் பருவம் அங்கே முடியவில்லை. அடுத்த வாரமே மயாமி அணியிடம் 66-6 என்று தோற்றார்கள். அக்டோபர் 30 அன்று பௌலிங் கிரீன் அணியை 12-10 என்று வென்றதைத் தவிர, மற்றவை எல்லாம் தோல்விகளே. லெங்கியெல் இருந்த நான்கு பருவங்களின் மொத்தக் கணக்கு 9 வெற்றி, 33 தோல்வி. தோல்விகளைவிட வெற்றிகள் மிகுந்த ஒரு பருவத்தை மார்ஷல் கண்டது 1984இல்தான்.

இறந்தவர்களுக்காக ஆடினார்கள் என்று இக்கதையைச் சொல்வது வழக்கமாகிவிட்டது. அந்தத் தொடர் நமக்கு உறுத்துகிறது. பதினெட்டு வயதுப் பையன் ஒருவனின் தோளில் 75 சாவுகளை ஏற்றும் உரிமை யாருக்கு உண்டு? தோற்கும்போதெல்லாம் இறந்தவர்களுக்குக் கடன்பட்டவனாக அவன் நிற்க வேண்டுமா? அச்சுமையை எல்லோராலும் சுமக்க முடியவில்லை என்பதும் உண்மை. உதவிப் பயிற்றுநர் ரெட் டாசன் அன்று புது ஆட்டக்காரர்களைத் தேடிக் காரில் சென்றிருந்ததால் பிழைத்தவர். மாண்ட பையன்களுள் பலரை, அவர்தம் வீடுகளுக்கே சென்று பேசி அழைத்துவந்தவர் அவர். 1971 பருவம் முழுக்கக் கூடநின்றார். பிறகு பயிற்றுநர் தொழிலைவிட்டே விலகினார். காயத்தால் பயணம் செய்யாத நேட் ரஃபின் புதிய அணியில் ஆடினார். 2001இல் மறைந்தபோது, ஸ்பிரிங் ஹில்லில் தம் தோழர்களின் அருகே அடக்கம் செய்யப்பட்டார்.

எனவே அந்தப் பருவத்தின் பொருளைச் சேவியர் வெற்றியில் தேடுவதைவிட எட்டுத் தோல்விகளில் தேடுவதே சரியெனப் படுகிறது. 1970இன் 17-14 தோல்வியைப் பற்றி ஹன்டிங்டனில் எவரும் பேசியிருக்க மாட்டார்கள். மறுநாள் தேநீர்க் கடையிலோ தேவாலய வாசலிலோ அலசப்பட வேண்டிய ஒரு தோல்வி அது. ஆடியவர்களே இல்லாமற் போனதால் அது தோல்வியாகக்கூட மிஞ்சவில்லை. 66-6 என்று தோற்ற மறுநாள், அவ்வூரார் பயிற்றுநரைக் குறை சொல்லியிருக்கலாம், பந்தைத் தவறவிட்ட பையனைத் திட்டியிருக்கலாம், அடுத்த சனிக்கிழமை என்ன ஆகும் என்று கவலைப்பட்டிருக்கலாம். அப்பையன்கள் அந்த ஊருக்கு மீட்டுத் தந்தது இதைத்தான்.

பல்கலைக்கழக வளாகத்தில் சிற்பி ஹாரி பெர்டோயா வடித்த நினைவு நீரூற்று ஒன்று 1972இல் திறக்கப்பட்டது. ஆண்டுதோறும் நவம்பர் 14 அன்று அதன் நீரை நிறுத்திவிடுகிறார்கள். குளிர்காலம் முழுதும் அது வறண்டு கிடக்கும். வசந்தம் வந்ததும் மறுபடி திறந்துவிடுகிறார்கள்.