உகந்தையிலிருந்து ஒரு நாள் நடை

தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளை ஏறி இறங்கிவிட்டு, இரண்டு நாள் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்திருப்பவன் நான். அப்படிப்பட்டவன் இலங்கைக் காட்டுவழியே கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போனேன் என்றால் என்னை அறிந்தவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். ஆனால் போனது உண்மை. போக வைத்தவர் என் தாயார்.

1967-ஆம் ஆண்டில் எனக்கு ஏழு வயது. நெருப்புக் காய்ச்சல் கண்டு, பிழைப்பேனா மாட்டேனா என்று கிடந்தேன். இரயில்வேயில் வேலை பார்த்த என் தந்தைக்கு வாழ்க்கைப்பட்டு, யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு வந்தவர் அம்மா. "கதிர்காமக் கந்தா, பிள்ளையைக் காப்பாற்றிக் கொடு. அவனை உன் சந்நிதிக்கு நடத்திக் கூட்டி வருகிறேன்" என்று வேண்டிக்கொண்டு, ஓர் ஐம்பது காசு நாணயத்தை மஞ்சள் துணியில் முடிந்து வைத்தார்.

நான் பிழைத்தேன். படிப்பு வந்தது, வேலை வந்தது, கலியாணம் வந்தது. 'அடுத்த ஆண்டு போகலாம்' என்று சொல்லிச் சொல்லியே காலம் ஓடியது. பிறகு இலங்கையில் போர் மூண்டது. அந்த மஞ்சள் முடிச்சு மட்டும் எங்களோடு வீட்டுக்கு வீடு மாறி வந்தது. 2011-இல் அம்மா கண்மூடியபோது, சாமிப் படத்துக்குப் பின்னால் அது அப்படியே இருந்தது. அதை எடுத்துக்கொண்டு 2018 ஜூலையில்தான் நான் கிளம்பினேன்.

பாதை எப்படிப்பட்டது?

கதிர்காமம் என்றால் பலருக்கும் பஸ்ஸில் போய் இறங்கும் ஊர்தான். கால்நடையாகப் போகும் பழைய வழியொன்றும் இன்றுவரை இருக்கிறது. வடக்கே தொண்டைமானாறு செல்வச் சந்நிதியில் தொடங்கி, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு என்று கிழக்குக் கரையோரமாகவே இறங்கிவரும் வழி அது. முழுவதும் நடப்பவர்களுக்கு ஏறத்தாழ ஒன்றரை மாதம் பிடிக்கும். எனக்கு அந்தத் தெம்பு இல்லை. பொத்துவிலையும் பாணமையையும் தாண்டி, கடலோரப் பாறைகளின் நடுவே இருக்கும் உகந்தை முருகன் கோயிலில் போய்ச் சேர்ந்துகொண்டேன். முருகனும் வள்ளியும் கல்லோடத்தில் வந்து இறங்கிய இடம் இது என்பது அங்குள்ளோர் நம்பிக்கை.

உகந்தைக்கு அப்பால் ஊரும் இல்லை, கடையும் இல்லை. முதலில் குமணைக் காடு, அதைத் தாண்டினால் யாலக் காடு. யானை, கரடி, சிறுத்தை எல்லாம் உண்டு. போரின் காரணமாகக் குமணைச் சரணாலயம் 1985-இலிருந்து 2003 வரை மூடியே கிடந்தது. இப்போது ஆடி விழாவை ஒட்டிச் சில நாட்களுக்கு மட்டும், நடந்து போகிறவர்களுக்காகக் காட்டு வாயிலைத் திறக்கிறார்கள்.

என் திட்டம் சுலபமானது. ஒரு நாள் நடப்பது. ஆற்றங்கரையில் யாராவது நல்லவர் கையில் முடிச்சைக் கொடுத்துக் கோயிலில் சேர்க்கச் சொல்வது. மறுநாள் ஏதாவது வண்டி பிடித்துத் திரும்பிவிடுவது. கடன் தீர்ந்தால் போதும் என்பதே என் எண்ணம்.

காட்டுக்குள்

விடியுமுன் கடலில் முழுகிக் கும்பிட்டுவிட்டு, "அரோகரா" என்ற முழக்கத்தோடு கூட்டம் புறப்பட்டது. இங்கே யாரும் யார் பெயரையும் கேட்பதில்லை. ஆண், பெண், குழந்தை எல்லாரும் 'சாமி'தான். என்னருகே நடந்த சிங்களக் குடும்பம்கூட 'சாமி' என்றே என்னை அழைத்தது.

முதல் இரண்டு மணி நேரம் உற்சாகமாகவே போயிற்று. இடப்பக்கம் மரங்களுக்கு அப்பால் கடலோசை கேட்டது. வலப்பக்கம் முட்காடு. பாலை மரங்களைக் கண்டால் மட்டும் எல்லாரும் குரல் கொடுத்துக்கொண்டே நடந்தார்கள். பாலைப்பழம் என்றால் கரடிக்கு உயிராம். ஒன்பது மணிக்குப் பிறகு கச்சான் காற்று வீசத் தொடங்கியது. அடுப்பங்கரையில் நின்றால் முகத்தில் அடிக்குமே, அந்தச் சூடு! வெட்டவெளியில் நிழலே இல்லை. மணலில் ஒரு அடி வைத்தால் கால் பாதி அடி பின்னுக்கு வந்தது. நான் கொண்டுபோன மூன்று போத்தல் தண்ணீரும் பதினொரு மணிக்கே தீர்ந்துவிட்டது.

வெட்கத்தால் யாரிடமும் கேட்கவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஒரு வீரை மரத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"தண்ணி முடிஞ்சுதா மகன்?"

நிமிர்ந்து பார்த்தேன். எழுபது வயதைக் கடந்த ஒரு மூதாட்டி. தலையில் துணி மூட்டை, கையில் சிறிய தண்ணீர்க் கேன், காலில் செருப்பில்லை. மட்டக்களப்பிலிருந்து நடந்தே வருகிறாராம்.

"ஒரு மிடறு குடி. உடனே முழுங்காத. வாயில வெச்சிருந்து மெல்ல முழுங்கு."

குடித்தேன். போன உயிர் திரும்பி வந்தது. அதன்பின் அவர் நடைக்கு ஈடுகொடுத்துப் பின்னாலேயே நடந்தேன். போகும்போது அம்மாவின் நேர்த்தியைச் சொன்னேன். "நீங்க யாருக்காக நடக்கிறீங்க, அம்மா?" என்று கேட்டேன்.

"என்ட மகனுக்கு. 1990-இல காணாமப் போன புள்ள. பத்தொன்பது வயசு. அவன் வந்தாக் கூட்டிக்கொண்டு நடக்கிறன் எண்டு நேந்தன்."

"வந்தாரா?"

"வரயில்ல."

என்ன சொல்வதென்று தெரியாமல் சற்றுத் தூரம் பேசாமல் நடந்தேன். பிறகு, கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன். "வரவில்லையென்றால் நேர்த்திக்கடன் ஏதம்மா?"

அவர் கோபிக்கவில்லை. "அவனுக்கெண்டு சொன்ன நடைதானே மகன். அவனால வர ஏலாது. நான் நடக்காம வேற ஆர் நடக்கிற?" என்றார்.

வாசக அன்பர்களே, வெயில் அப்போதும் அப்படியேதான் காய்ந்தது. ஆனால் என் கால்வலி எனக்கு மறந்துபோயிற்று. என் தாயின் வேண்டுதல் பலித்தது. ஐம்பது ஆண்டுகளாக நான் நடக்கவில்லை. இந்தத் தாயின் வேண்டுதல் பலிக்கவில்லை, ஆண்டுதோறும் நடக்கிறார்.

ஆற்றங்கரையில்

பொழுது சாயும் வேளையில் கும்புக்கன் ஓயாவை அடைந்தோம். 'ஓயா' என்றால் சிங்களத்தில் ஆறு. 'கும்புக்' என்றால் மருதமரம். பெயருக்கேற்ப இரு கரையிலும் பெரிய பெரிய மருத மரங்கள். ஆற்றில் முழங்கால் அளவே நீர். மணலைக் கையால் தோண்டினால் தெளிந்த ஊற்று நீர் வந்தது. அடுப்பு மூட்டிச் சோறும் பருப்பும் ஆக்கினார்கள். கேட்காமலே என் முன்னால் ஓர் இலை வந்தது.

சாப்பிட்ட பிறகு மஞ்சள் முடிச்சை எடுத்து அந்த அம்மாவிடம் நீட்டி, என் திட்டத்தைச் சொன்னேன். அவர் கையை நீட்டவே இல்லை.

"உன்ட அம்மா காசை அனுப்புறன் எண்டா நேந்தவ? உன்னைக் கூட்டிவாறன் எண்டுதானே நேந்தவ!"

அவ்வளவுதான் சொன்னார். மூட்டையைத் தலைக்கு வைத்துக்கொண்டு மணலில் படுத்துவிட்டார். எனக்கு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலை நான் வண்டி தேடவில்லை. கொப்புளத்துக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு ஆற்றைக் கடந்தேன். நாலைந்து நாள் கழித்து மாணிக்க கங்கையில் குளித்து, கதிர்காமச் சந்நிதியில் நின்றேன். அங்கே மூலவரைக் காண முடியாது. திரைதான் தொங்கும். பூசை செய்பவர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மௌனமாகப் பூசை செய்வார். அந்தத் திரைக்கு முன்னால் அம்மாவின் ஐம்பது காசை வைத்தேன். பக்கத்தில் அந்த மூதாட்டி கண்மூடி நின்றுகொண்டிருந்தார். என்ன கேட்டார், ஏதேனும் கேட்டாரா என்று நான் விசாரிக்கவில்லை.

போக விரும்பும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. காட்டு வாயில் திறக்கும் நாள் ஆண்டுக்கு ஆண்டு மாறும், விசாரித்துக்கொண்டு போங்கள். கூட்டத்தைவிட்டுப் பிரியாதீர்கள். தண்ணீரை மிடறு மிடறாகக் குடியுங்கள். வீட்டில் சாமிப் படத்துக்குப் பின்னால் மஞ்சள் முடிச்சு ஏதாவது இருந்தால், அதை முடிந்தவர் கண்முன் இருக்கும்போதே புறப்பட்டுவிடுங்கள்.