ஆறு புட்டிகள்

ஒன்பது வருடமாக யாரிடமும் சொல்லாததை எழுதுகிறேன். அரபிக் கடலில், தென்மேற்குப் பருவக்காற்று உச்சத்தில் இருந்த ஒரு ஜூலையில், ஆறு புட்டிகளுக்கு மருந்து விடாமலேயே "விட்டாயிற்று" என்று பதிவேட்டில் எழுதினேன்.

கடல்நீரில் கரைந்த கரியமில வாயுவை அளக்க, ஆழத்திலிருந்து வந்த நீரைக் கண்ணாடிப் புட்டியில் பிடிப்போம். ரப்பர் குழாயை அடிவரை விட்டு, ஒரு குமிழிகூட நிற்காதபடி வழியவிட வேண்டும். பிறகு ஒரு துளி மெர்குரிக் குளோரைடு, மேலே கிரீஸ் தடவிய மூடி. அந்த நஞ்சு விழாவிட்டால் நீரிலுள்ள நுண்ணுயிர்கள் கரை சேரும்வரை சுவாசித்துக்கொண்டே இருக்கும். வாயு ஏறிக்கொண்டே போகும்.

அன்று விடியற்காலை இரண்டு மணி. மூன்று நாளாக வயிற்றில் எதுவும் தங்கவில்லை. கப்பல் சாய்ந்ததில் மருந்து விடும் பிப்பெட் எங்கோ உருண்டுவிட்டது. நான் தேடவில்லை. மூடி அடுக்கிவிட்டுப் படுத்துவிட்டேன். அதற்கு உடம்பைக் காரணம் சொல்லலாம். பொய்யை எழுதியது மறுநாள் காலை, காபி குடித்துத் தெளிந்த பிறகு.

அளவுகள் கூடுதலாக வந்தன. யாருக்கும் சந்தேகம் வரவில்லை, ஏனென்றால் அந்தப் பருவத்தில் கூடத்தான் வேண்டும். சோமாலியா, ஓமன் கரையோரம் அடிக்கும் காற்று மேல்நீரைத் தள்ளிவிட, அடியிலிருந்து வாயு நிறைந்த குளிர்நீர் மேலே வருகிறது. குளிர்ந்த நீர் வாயுவை உள்ளே இழுக்கும் என்றுதான் படித்திருந்தோம். இங்கே குளிர்ந்த நீரே வெளியே விடுகிறது. மனிதர்கள் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏறக்குறைய கால் பங்கை உலகக் கடல்கள் வாங்கிக்கொள்கின்றன. அரபிக் கடலோ, வருடக் கணக்குப் பார்த்தால், கொடுக்கிற கடல். 1994–95இல் பருவத்துக்கு ஒருமுறை போய் அளந்த இந்திய ஆய்வுப் பயணங்களின் முடிவும் அதுதான். என் பொய்க்கு அந்தப் பருவமே மறைப்பாகிவிட்டது.

சென்ற மாதம் ஒரு மாணவி வருட வாரியாகப் போட்ட வரைபடத்தைக் காட்டினாள். "மேடம், இந்த வருஷம் மட்டும் பாருங்க, கடல் எவ்வளவு விட்டிருக்கு!" கொந்தளிப்புக்குப் பயந்து ஜூலையில் அங்கே போகும் கப்பல்கள் சொற்பம். அந்த வருடத்துக்கு அவளிடம் இருந்த ஜூலை அளவுகளே கைவிரல் எண்ணிக்கைதான். அதில் ஆறு என்னுடையவை. எல் நினோவோ, காற்றின் வேகமோ என்று காரணம் தேட அவள் கிளம்பியிருந்தாள். நான் தலையாட்டினேன். அன்றும் சொல்லவில்லை.

நான்கு நாள் கழித்துத் தரவுகளைப் பராமரிப்பவருக்கு எழுதினேன். அந்த ஆறு வரிகளுக்கு எதிரே இருந்த 2 இப்போது 4 ஆகியிருக்கிறது. 2 என்றால் நல்ல அளவு, 4 என்றால் தள்ளவேண்டியது. மாணவிக்கும் எழுதிவிட்டேன். பதில் வரவில்லை.