வெள்ளைக் கூரைக்காரரின் சனி, ஞாயிறு

வெள்ளி, மாலை

இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் பக்கம் ஒரு சிற்றூர். பண்ணை இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பட்டறை. ஷட்டரை இறக்கிவிட்டு வாடிக்கையாளரின் டிராக்டரை ஓரங்கட்டிய பிறகுதான், பட்டறைக்காரர் வாரம் முழுக்கக் காத்திருந்த வேலை தொடங்குகிறது. மூலையில் நிற்கும் வண்டிக்குக் கதவு கிடையாது, முகப்பு விளக்கு கிடையாது, கண்ணாடியும் கிடையாது. முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் தடித்த இரும்புக் குழாய்கள். நடுவில் ஒரு கூண்டு. கூண்டுக்குள் ஒற்றை இருக்கை. ஃபோர்டு நிறுவனம் ஒரு காலத்தில் கார்ட்டினா, சியரா கார்களில் பொருத்திய இரண்டு லிட்டர் பின்ட்டோ எஞ்சின். இதுதான் பிரிஸ்கா (பிரிட்டிஷ் ஸ்டாக் கார் சங்கம்) ஃபார்முலா டூ ஸ்டாக் கார்.

ஃபார்முலா என்றதும் மொனாக்கோவையும் ஷாம்பெய்னையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பிரிட்டனின் குறுநீள்வட்டத் தடப் பந்தயத்துக்கென்று தனியாக ஒரு ஃபார்முலா ஒன் உண்டு. அதில் ஓடுபவை வி8 எஞ்சின் பூட்டிய முரட்டு வண்டிகள். ஃபார்முலா டூ, 1960இல் ‘ஜூனியர்’ பிரிவாகத் தொடங்கிய சிறிய வகை. தடத்தின் ஒரு சுற்று ஏறத்தாழ 400 மீட்டர்தான். முன்னால் போகிறவரைப் பின்னாலிருந்து பம்பரால் முட்டி விலக்கி வழி எடுக்கலாம். விதி அதை அனுமதிக்கிறது. பார்வையாளர்களோ அதற்காகவே வருகிறார்கள்.

நாளை கிங்ஸ் லின், செந்நிறக் கல்தூள் பரப்பிய ஷேல் தடம். நாளன்றைக்கு ஸ்கெக்னஸ், தார்த் தடம். இரண்டுக்கும் டயர் வேறு, ஸ்பிரிங் வேறு. ஓட்டம் எப்போதும் இடப்பக்கமே திரும்புவதால், வலது பின் டயர் இடதைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தால் வளைவில் வண்டி தானே திரும்பிக் கொடுக்கும். எனவே தையல்காரர் இடுப்பளவு எடுப்பதுபோல நாடாவைச் சுற்றி டயர்களை ஒவ்வொன்றாக அளந்து, சுண்ணக்கட்டியால் எண் எழுதி வைக்கிறார். இரவுச் சாப்பாடு ஆறிப்போயிற்று.

சனி, பிற்பகல்

போட்டியாளர்கள் வண்டி நிறுத்தும் பிட் பகுதிக்குள் ரசிகர்களும் வந்து போகிறார்கள். பாதுகாப்புச் சோதகர் இருக்கைப் பட்டையை இழுத்துப் பார்க்கிறார், ஹெல்மெட்டைத் திருப்பிப் பார்க்கிறார், வெல்டிங்கைத் தட்டிப் பார்க்கிறார். ஒரு சிறுவன் நோட்டுப் புத்தகத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்கிறான். பெயரைக் கேட்கவில்லை, எண்ணைத்தான் கேட்கிறான். இந்த உலகத்தில் ஆளைவிட எண் பெரிது. 391 என்றால் ஃபார்முலா ஒன்னில் ஆறு முறை உலகப் பட்டம் வென்ற ஸ்டூவர்ட் ஸ்மித். 53 என்றால் எட்டு முறை வென்ற ஜான் லண்ட். எண்ணைச் சொன்னால் போதும், தாத்தாக்கள் கதையைத் தொடங்கிவிடுவார்கள்.

நம் பட்டறைக்காரரின் வண்டிக் கூரை வெள்ளை. வெள்ளை என்றால் கடைநிலை. அதற்கு மேல் மஞ்சள், நீலம், சிவப்பு, அதற்கும் மேலே நட்சத்திர ஓட்டுநர்கள். உலகச் சாம்பியனுக்குத் தங்க நிறம். எடுக்கும் புள்ளிகளைப் பொறுத்து நிறம் ஏறும், இறங்கும். பெரும்பாலான பந்தயங்களில் வேகமானவர் முன்னால் நிற்பார்; இங்கே வெள்ளைக் கூரைகள் முன்வரிசையில், நட்சத்திரங்கள் கடைசியில்.

பிரிட்டனில் இந்த ஆட்டம் வந்தது 1954 ஏப்ரல் 16, புனித வெள்ளியன்று, லண்டன் நியூ கிராஸ் அரங்கில். பிரான்சில் நடந்ததைப் பார்த்துவிட்டு டிக்கர் பியூ என்பவர் கொண்டுவந்தார். திறமைசாலிகள் சிலரே எப்போதும் முன்னால் ஓடினால் கூட்டம் சலித்துப்போகும் அல்லவா? அதற்கு மருந்துதான் இந்தத் தலைகீழ் வரிசை. விளையாட்டு நிர்வாகிகள் எடுத்த முடிவுகளில் இவ்வளவு புத்திசாலித்தனமானவை குறைவு.

சனி, இரவு

முதல் ஹீட், அதாவது தகுதிப் போட்டி. தண்ணீர் தெளித்த ஷேல். பச்சைக்கொடி இறங்கியதும் வண்டி பக்கவாட்டில் வழுக்கியபடியே முதல் வளைவைக் கடக்கிறது. மூன்றாவது சுற்றில் அவருக்கு முன்னால் யாருமில்லை. முன்னால் ஆளில்லாவிட்டால் முகத்தில் சேறு தெறிக்காது. இந்த ஆட்டத்தில் முதலிடத்தின் பெரிய சுகம் அது. தலைக்கவசத்தின் கண்ணாடி மேல் அடுக்கடுக்காக ஒட்டிய பிளாஸ்டிக் தாள்களில் ஒன்றைக்கூட அவர் இன்னும் கிழிக்கவில்லை.

பாதித் தூரத்தைக் காட்டும் பிரிட்டிஷ் கொடி அசைகிறது. அதே நேரத்தில் பின்னாலிருந்து ஓர் இடி. ஒரு நீலக் கூரை. ஓரடி விலகினார், அவ்வளவுதான், உட்பக்கம் போயிற்று. அடுத்த சுற்றில் ஒரு சிவப்புக் கூரையின் முட்டு; இது கணக்குப் பார்த்துக் கொடுத்தது. வண்டி வெளிப்பக்கம் ஓடி, இரும்பு வேலியில் உரசி நின்றது. சுற்றிலும் எஞ்சின் இரைச்சல், காதுக்குள் கட்டுப்பாட்டு அறையின் குரல், கையில் செயலிழந்த ஸ்டியரிங்.

தடையில்லாமல் நடந்தால் ஒரு ஹீட் ஐந்தாறு நிமிடம். அதில் அவர் முன்னணியில் இருந்தது ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். இறுதிக்குத் தகுதி பெறாதவர்களுக்கான ஆறுதல் போட்டிக்குக்கூட வண்டி தயாராகவில்லை.

நள்ளிரவு

ஸ்டியரிங் தண்டு வளைந்திருந்தது. மாற்றுத் தண்டு கொண்டுவந்து கொடுத்தவர், வேலிக்கு அனுப்பிய அதே சிவப்புக் கூரைக்காரர். “உள்வழியை அகலமாகத் திறந்து வைத்தால் வேறு என்ன செய்வேன்?” என்று கேட்டுவிட்டு, ஸ்பேனரும் பிடித்துக் கொடுத்தார். ரேடியேட்டரில் அப்பிய சேற்றை விரலால் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது. பிறகு ஸ்பிரிங், டயர், எடைச் சமநிலை எல்லாம் தாருக்கு மாற வேண்டும்.

ஞாயிறு

வாஷ் வளைகுடாவைச் சுற்றிக்கொண்டு கடற்கரை ஊரான ஸ்கெக்னஸுக்குப் பயணம். தாரில் சேறு இல்லை, வழுக்கலும் குறைவு; இடிகள் மட்டும் கூடுதல் வேகத்தில் வந்து விழுகின்றன. முந்தைய இரவுப் பாடம் உதவியது. உள்வழியை அடைத்துக்கொண்டு ஓடினார். பின்னால் வந்தவர்கள் வெளிவழியாகப் போனார்கள். இறுதிப் போட்டிக்குள் நுழைந்து, நடுவில் எங்கோ முடித்தார். சில புள்ளிகள். வெள்ளை மஞ்சளாக இவை போதா.

திங்கள்

பரிசுப் பணம் டீசலுக்கே போதவில்லை. டயர், தண்டு, நுழைவுக் கட்டணம் எல்லாம் பட்டறை வருமானத்திலிருந்துதான். அவருக்கு மட்டுமல்ல, நட்சத்திர ஓட்டுநர்களில் பலருக்கும் திங்கட்கிழமை வேறொரு வேலை இருக்கிறது.

கோடையில் இங்கிலாந்து போகிறவர்கள் சில்வர்ஸ்டோன் பந்தயத் தடத்தோடு திரும்பிவிடாமல் ஒரு சனிக்கிழமை இரவை இதற்கும் ஒதுக்கலாம். குழந்தைகளுக்குக் காதடைப்பான் கட்டாயம். ஷேல் தடமென்றால் வளைவுப் பக்கத்து முன்வரிசையில் நல்ல சட்டை போட்டுக்கொண்டு உட்கார வேண்டாம்.